போர்டுகளோடு ஊர் சுற்ற ஒரு பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்டுயினோ, ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை பிக்கோ மாதிரி, நிரல் எழுதி ஓட்டுகிற சின்ன மின்னணு போர்டுகளை வைத்து ஆசைக்கு வேலை பார்க்கிறவர்களுக்கானது இந்தப் பக்கம். பவர் சப்ளை, பிரெட்போர்டு (சால்டர் செய்யாமல் வயரைக் குத்தி சர்க்யூட் போடும் ஓட்டைப் பலகை), திரை, மீட்டர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்து சுவிட்சைப் போட்டால் வேலையைத் தொடங்கிவிடலாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்தப் பெட்டியைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளும், அவற்றுக்கு என் பதில்களும் கீழே.

லேப்டாப்பும் ஒரு டப்பாவும் போதாதா? தனிப்பெட்டி எதுக்கு?

போதும். எல்.இ.டி. மினுக்குகிற கட்டம் வரை அதுவே போதும். மோட்டார், சென்சார், டிஸ்பிளே என்று மூன்று நான்கு பொருள் சேர்ந்த பிறகுதான் சிக்கல் வரும். பாதி செய்து வைத்த சர்க்யூட்டைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். எடுத்தால் நாலு வயர் கழன்றுவிடும், எது எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதிலேயே மறுநாள் மாலை போய்விடும். பெட்டி இருந்தால் மூடிவைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும். வெளியே எடுத்துப் போவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

எந்த மாதிரிப் பெட்டி நல்லது?

சுமார் 45 செ.மீ. நீளம், 33 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். இதைவிடச் சின்னதாக இருந்தால் கை நுழையாது, பெரிதாக இருந்தால் யாரும் தூக்க மாட்டார்கள். பழைய அலுமினிய டூல் பெட்டி, மேக்கப் பெட்டி, கெட்டி சூட்கேஸ் எதுவானாலும் சரி. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பெட்டி கண்ணில் பட்டால், முதலில் கீலையும் பூட்டையும் ஆட்டிப் பாருங்கள். உடம்பு நசுங்கியிருந்தால் பரவாயில்லை, கீல் தளர்ந்திருந்தால் வேண்டாம். மூடியில் திரை மாட்டப் போகிறோம், அதன் எடை முழுக்கக் கீலில்தான் விழும்.

ஆசாரியிடம் சொல்லிச் செய்வதானால் 9 மி.மீ. ப்ளைவுட் சொல்லுங்கள். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பார்க்க வழவழப்பாக இருக்கும், வெட்டவும் சுலபம். ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு ஓரங்கள் ஊதிவிடும், அப்புறம் ஸ்க்ரூ பிடிக்காது. மூடியை 100, 110 டிகிரிக்கு மேல் திறக்கவிடாமல் பிடிக்க ஒரு பட்டையோ சங்கிலியோ போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் திரையின் எடையில் பெட்டி பின்னால் கவிழும்.

பவர் எப்படிக் கொடுப்பது?

இந்தப் பெட்டியில் யோசிக்க வேண்டிய விஷயமே இதுதான். போர்டு மாறிக்கொண்டே இருக்கும், திரையைக்கூட மாற்றலாம். பவர் லைனை மட்டும் ஒரு தடவை ஒழுங்காகப் போட்டுவிட்டால் பிறகு தொட வேண்டிய அவசியமே வராது.

என் முறை: பெட்டிக்குள் 12 வோல்ட் டி.சி. மட்டும்தான். 230 வோல்ட் உள்ளே வரவே கூடாது. அடாப்டர், சார்ஜர் எல்லாம் வெளியே இருக்கட்டும், பெட்டிக்குள் வருவது ஒரு டி.சி. பிளக் மட்டும். இதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் பெட்டியைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

பேட்டரிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் நான்கை வரிசையாக இணைப்பேன். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கும் சேர்ந்தால் 12.8. கடையில் 32700 என்ற எண்ணில் கிடைக்கும் உருண்டை செல் பெரும்பாலும் 6 ஆம்பியர்-மணி. 12.8-ஐ 6-ஆல் பெருக்கினால் சுமார் 77 வாட்-மணி. ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர், ஏழு அங்குலத் திரை, ஓரிரு சின்ன போர்டு எல்லாம் சேர்ந்து 12 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் கன்வர்ட்டரில் வீணாவதையும் கழித்தால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். சாதா லித்தியம் அயான் இதே எடைக்கு இன்னும் அதிக நேரம் ஓடும், உண்மைதான். ஆனால் மே மாத வெயிலில் பஸ் இன்ஜின் பக்கத்தில் வைக்கப்போகிற பெட்டிக்கு, சூட்டைக் கூடுதலாகத் தாங்குகிற வகையே எனக்கு நிம்மதி.

செல்களோடு நாலு செல்லுக்கான பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சின்ன போர்டு) கட்டாயம். அதுவும் இந்த வகைக்கென்றே சொல்லி வாங்க வேண்டும். லித்தியம் அயானுக்கான பி.எம்.எஸ். ஒரு செல்லை 4.2 வோல்ட் வரை ஏறவிடும், இதில் 3.65-க்கு மேல் போகக் கூடாது. சார்ஜரும் அதே கணக்கில் 14.6 வோல்ட்டாக இருக்க வேண்டும்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். 5 ஆம்பியர் போதும். வாகனங்களில் போடும் பிளேடு ஃபியூஸ் எந்த ஆட்டோ ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால்தான் அந்தத் தூரத்தைக் குறைக்கச் சொல்கிறேன்.

ஃபியூஸைத் தாண்டியதும் லைனை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கன்வர்ட்டர் கம்ப்யூட்டருக்கும் திரைக்கும், இன்னொன்று பரிசோதனை போர்டுகளுக்கு. பிரெட்போர்டில் ஒரு வயர் தவறிப்போய் ஷார்ட் ஆனாலும் கம்ப்யூட்டர் அணையாது, எழுதிக்கொண்டிருந்த நிரலும் போகாது. பரிசோதனை லைனுக்குத் தனியாக ஒரு சிவப்பு ராக்கர் சுவிட்ச், கை உடனே எட்டுகிற இடத்தில். ஏதாவது கருகுகிற வாசனை வந்தால் யோசிக்காமல் தட்ட அதுதான்.

எல்எம்2596 என்ற கன்வர்ட்டர் மாட்யூலின் மேல் 3 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். ஹீட்சிங்க் இல்லாமல் 2 ஆம்பியரைத் தாண்டினால் தொட முடியாது. கம்ப்யூட்டர் பக்கத்துக்கு 5 ஆம்பியர் எக்ஸ்எல்4015 வாங்கி, அதிலிருந்து 3 மட்டும் எடுங்கள். எந்த மாட்யூலாக இருந்தாலும் முதலில் எதையும் இணைக்காமல் மல்டிமீட்டர் வைத்து அதிலிருக்கும் சின்ன ஸ்க்ரூவை 5.1 வோல்ட் வரும்வரை திருப்பி, அதன் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டுவிடுங்கள். பஸ் குலுக்கலில் நகராது.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து 18650 செல் எடுத்துப் போடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு மாதிரி தேய்ந்திருக்கும், வரிசையில் போடும்போது பலவீனமான செல்தான் முதலில் கெடும். புதிதாக வாங்கினாலும் 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்த 18650-ஐத் தொடாதீர்கள். அந்த அளவு செல்லில் உண்மையான கொள்ளளவு சுமார் 3500 வரைதான்.

ரிலே (போர்டின் சிக்னலால் இயங்கும் சுவிட்ச்) வைத்து வீட்டு ஃபேன், லைட் ஓட்டிப் பார்க்க வேண்டுமே?

பழகுவதற்கு 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையோ கம்ப்யூட்டர் ஃபேனோ மாட்டிப் பாருங்கள். நிரல் ஒன்றுதான், ரிலே கிளிக் சத்தமும் ஒன்றுதான். அது சரியாக ஓடிய பிறகு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிற லைனில், மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் 230 வோல்ட் வேலையைத் தனியாகச் செய்யலாம். எலெக்ட்ரீஷியன் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

போர்டுகளை எப்படி மாட்டுவது? ஓட்டை அளவு?

பெட்டியோடு நிரந்தரமாகப் பூட்டாதீர்கள். 3 மி.மீ. அக்ரிலிக் தகடு ஒன்றை வெட்டி, அதன் மேல் போர்டையும் பிரெட்போர்டையும் ஏற்றி, தகட்டை மட்டும் நாலு ஸ்க்ரூவில் பெட்டியோடு பிடியுங்கள். ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் ஒரு தகடு. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க ஒரு நிமிடம் ஆகாது. ஹோட்டல் இலை மாற்றுகிற மாதிரி.

ஆர்டுயினோ ஊனோவின் ஓட்டைக்கு எம்3 ஸ்க்ரூ சரியாக இருக்கும். ராஸ்பெரி பை 4-க்கு எம்2.5, ஓட்டைகளின் இடைவெளி 58-க்கு 49 மி.மீ. பிக்கோவுக்கு எம்2. இந்த மூன்று அளவிலும் பித்தளை ஸ்பேசர் (போர்டைத் தகட்டிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் சின்னத் தூண்) கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹாட் க்ளூ போட்டு ஒட்டுகிறவர்கள் உண்டு. வெயிலில் நின்ற காருக்குள் அது இளகிவிடும்.

ஈஎஸ்பி32-இல் ஒரு தொந்தரவு. 38 பின் (இணைப்புக் கால்) உள்ள போர்டுகள் பல அகலமாக இருக்கும், பிரெட்போர்டில் குத்தினால் ஒரு பக்கம் ஒரே ஒரு வரிசைதான் மிச்சமாகும், சில சமயம் அதுவும் இருக்காது. இரண்டு பிரெட்போர்டு வாங்கி, ஒன்றின் பக்கவாட்டுப் பவர் பட்டையைக் கழற்றிவிட்டு ஒட்டிச் சேர்த்தால் நடுவில் இடம் கிடைக்கும். இன்னொன்று: 830 ஓட்டை பிரெட்போர்டு சிலவற்றில் பவர் பட்டை நடுவில் துண்டாகியிருக்கும். சிவப்புக் கோடு பாதியில் நின்று மறுபடி ஆரம்பித்தால் அதுதான் அடையாளம். பாதி சர்க்யூட்டுக்குப் பவர் வரவில்லை என்று தலையைச் சொறிகிற பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். ஒரு சின்ன வயரால் பாலம் போட்டுவிடுங்கள்.

எல்லா போர்டுக்கும் ஒரே 5 வோல்ட் போதுமா?

பவருக்குப் போதும், சிக்னலுக்குப் போதாது. ஊனோவின் பின்கள் 5 வோல்ட், ஈஎஸ்பி32-உம் பிக்கோவும் 3.3 வோல்ட். ஊனோவின் வெளியீட்டை நேராக ஈஎஸ்பி32-இன் பின்னில் கொடுத்தால் சில நாள் ஓடும், பிறகு அந்தப் பின் செத்துப்போகலாம். 5 வோல்ட் சிக்னலை 3.3-க்கு மாற்றித் தரும், பிஎஸ்எஸ்138 போட்ட லெவல் ஷிஃப்டர் ஒன்றைப் பெட்டியிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

எல்லா சப்ளையின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். சர்வோவுக்குத் தனி சப்ளை கொடுத்துவிட்டு கிரவுண்டை விட்டுவிட்டால் அது நடுங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. போர்டு யூ.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும்போதே, 5 வோல்ட் பின்னிலும் பெட்டி சப்ளையைக் கொடுக்காதீர்கள். இரண்டு சப்ளையும் ஒன்றோடொன்று மோதும். பிக்கோவில் இரண்டும் வேண்டுமென்றால் விசிஸ் (VSYS) பின்னுக்கு ஒரு ஷாட்கி டையோடு வழியாகக் கொடுக்கச் சொல்லி அதன் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது.

வைஃபை ஆன் ஆனதும் ஈஎஸ்பி32 ரீசெட் ஆகிறது. போர்டு போயிடுச்சா?

போர்டு நன்றாகத்தான் இருக்கும். சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் செய்திகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் ஜன்னல்) ‘பிரவுன்அவுட்’, அதாவது வோல்ட் இறங்கிவிட்டது என்று வருகிறதா பாருங்கள். வைஃபை அனுப்பும் நொடியில் அது சட்டென்று அதிகக் கரண்ட் கேட்கும். தயாரிப்பாளரான எஸ்பிரெஸிஃப் நிறுவனமே குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரக்கூடிய சப்ளை வேண்டும் என்கிறது. நீளமான, மெல்லிய கேபிளில் அந்த நொடி வோல்ட் இறங்கிவிடும். குட்டையான கேபிள் போடுங்கள், பவர் பின் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். மோட்டாரையும் சர்வோவையும் பிரெட்போர்டு வழியாக ஓட்டாமல் கன்வர்ட்டரிலிருந்து நேராகக் கொடுங்கள்.

உள்ளே என்ன கம்ப்யூட்டர் வைப்பது?

ராஸ்பெரி பை 4 இருந்தால் அதையே வைக்கலாம். 5 வோல்ட், 3 ஆம்பியரில் அடங்கிவிடும். பை 5-க்கு 5 ஆம்பியர் அடாப்டர் சொல்கிறார்கள், பேட்டரிப் பெட்டிக்கு அது அதிகம். பை 400 விசைப்பலகைக்குள்ளேயே கம்ப்யூட்டரை அடக்கியது, பெட்டிக்குள் இடம் மிச்சமாகும். நிரல் எழுதிப் போர்டில் ஏற்றும் ஆர்டுயினோ ஐ.டி.இ. 1.8.19 இவற்றில் ஓடும். பிக்கோவில் மைக்ரோபைத்தான் எழுத தானி (Thonny) என்ற மென்பொருள் ஏற்கெனவே ராஸ்பெரி பை ஓ.எஸ்.ஸோடு வருகிறது. ஈஎஸ்பி32 நிரலைக் கம்பைல் செய்யத்தான் நேரம் பிடிக்கும். முதல் தடவை டீ போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

எல்லாருக்கும் பை வேண்டுமா என்றால், என் கருத்து வேண்டாம் என்பதுதான். ஏற்கெனவே லேப்டாப் இருக்கிறவர்கள் திரையையும் பையையும் விட்டுவிட்டு, பவரும் பிரெட்போர்டும் மீட்டரும் மட்டும் உள்ள பெட்டியைச் செய்யலாம். செலவும் எடையும் பாதியாகும். லேப்டாப்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இருந்தால் ஏடியூஎம்3160 சிப் போட்ட, இரண்டு பக்கத்தின் மின்னிணைப்பையும் பிரித்து வைக்கிற யூ.எஸ்.பி. ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் மாட்டுங்கள். அது தரும் கரண்ட் குறைவு என்பதால் போர்டுக்குப் பவரைப் பெட்டியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

என்னென்ன அளவுக் கருவி வேண்டும்?

மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம். அதைத் தவிர, பரிசோதனை லைனில் வோல்ட்டையும் கரண்ட்டையும் அளக்கும் ஐஎன்ஏ219 மாட்யூல் ஒன்றைப் பொருத்தி, சின்ன ஓ.எல்.இ.டி. திரையில் அவை எப்போதும் தெரிகிற மாதிரி வைத்தேன். பெட்டியிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 40 மில்லி ஆம்பியர் காட்ட வேண்டிய இடத்தில் 900 காட்டினால், புகை வருமுன்பே கை சுவிட்சுக்குப் போய்விடும். வழக்கமான 0.1 ஓம் ஷன்ட்டோடு (கரண்ட்டை அளக்க உதவும் ரெசிஸ்டர்) வருகிற மாட்யூல் 3.2 ஆம்பியர் வரை அளக்கும்.

சென்சார் பேசாமல் இருந்தால் எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் (வயரில் ஓடும் டிஜிட்டல் சிக்னலைப் பதிவுசெய்யும் கருவி) உதவும். பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளில் போர்டும் சென்சாரும் பேசிக்கொள்ளும் ஐ2சி, எஸ்.பி.ஐ. சிக்னல்களைப் பிரித்துக் காட்டும். ஆசிலோஸ்கோப் இப்போது வேண்டாம்.

சால்டரிங்கும் இதிலேயே முடியுமா?

12 வோல்ட்டில் ஓடும் சின்ன சால்டரிங் இரும்புகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றான டிஎஸ்100, 12 வோல்ட்டில் தருவது வெறும் 17 வாட், 24 வோல்ட்டில்தான் 65 வாட். 17 வாட்டில் கிரவுண்டு பின் சூடாவதற்குள் பொறுமை போய்விடும். பைன்சில் மாதிரி டைப்-சி இரும்பு ஒன்றையும் 65 வாட் போன் சார்ஜரையும் வெளிப் பையில் வைத்துக்கொள்வது மேல். ஈயம் கலந்த 63/37 கம்பி 183 டிகிரியில் உருகும், புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சுலபம். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரும்பு முழுதாக ஆறும் வரை பெட்டியை மூடாதீர்கள்.

கடல் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறதே?

பிடிக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்கள் கிரில் கம்பியைப் பார்த்தாலே தெரியும். உப்பும் ஈரமும் சேர்ந்து முதலில் தாக்குவது மலிவான ஜம்பர் வயரின் முனையை, அடுத்து பிரெட்போர்டுக்குள் இருக்கிற ஸ்ப்ரிங்கை. அறிகுறி வேடிக்கையாக இருக்கும்: வயரை அழுத்திப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும்.

ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை. மூடி விளிம்பைச் சுற்றிக் கதவுக்கு ஒட்டுகிற ரப்பர் பட்டை. உள்ளே நூறு கிராம் சிலிக்கா ஜெல், நிறம் மாறுகிற வகை. நிறம் மாறியதும் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் காயவைத்து மறுபடி போடலாம். சால்டர் செய்த போர்டில் மிச்சமிருக்கும் ஃப்ளக்ஸை (சால்டர் ஒட்ட உதவும் பசை) ஐ.பி.ஏ. (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) திரவத்தால் துடைத்துவிடுங்கள், சில வகை ஃப்ளக்ஸ் ஈரத்தை இழுக்கும். அடிக்கடி கழற்றி மாட்டாத இணைப்புகளை பிரெட்போர்டில் விடாமல் பெர்ஃப் போர்டில் (சால்டர் செய்வதற்கான ஓட்டைத் தகடு) சால்டர் செய்துவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

பொருள் எல்லாம் எங்கே வாங்குவது?

ப்ளைவுட், கீல், ஸ்க்ரூ, ஃபியூஸ், வயர், சுவிட்ச் எல்லாம் உள்ளூரில்தான். கடலூரில் லாரன்ஸ் ரோடு, புதுச்சேரியில் நேரு வீதிப் பக்கம் ஒரு நடை போனால் முடிந்துவிடும். கையில் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டிய சாமான்கள் இவை. போர்டு, மாட்யூல்களுக்கு இணையம் அல்லது சென்னை ரிச்சி தெரு. செல்லையும் பி.எம்.எஸ்.ஸையும் பில் கொடுக்கிற இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

புயல் நேரத்தில் கரண்ட் இல்லாதபோது வீட்டுக்கு உதவுமா?

கொஞ்சம் உதவும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு எத்தனையோ தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது மழைநீர் வீட்டுக்குள் வந்தவர்களும் உண்டு. 77 வாட்-மணியில் 5000 எம்.ஏ.எச். போன் ஒன்றை மூன்று தடவை முழுதாக ஏற்றலாம். அல்லது 3 வாட் எல்.இ.டி. விளக்கு ஒரு இரவைத் தாண்டி எரியும். மழை எச்சரிக்கை வந்ததும் பெட்டியை முழு சார்ஜ் செய்து பரணில் ஏற்றிவிடுங்கள்.

பஸ்ஸில் எடுத்துப் போகலாமா?

ஆறு கிலோவுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து புதுச்சேரி வரை போய்விடலாம். கிளம்புமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வயரும் திரையும் தெரிகிற பெட்டி என்பதால் யாராவது கேட்டால் திறந்து காட்டத் தயங்காதீர்கள். பாதி நேரம் அதுவே ஒரு உரையாடலாக மாறிவிடும்.

போர்டைச் சொருகினால் கம்ப்யூட்டரில் அதற்கான போர்ட்டே (port) தெரியவில்லை?

முதலில் கேபிளை மாற்றுங்கள். போனோடு வரும் சில கேபிள்களில் சார்ஜ் வயர் மட்டும் இருக்கும், டேட்டா வயர் இருக்காது. தேறிய கேபிள்களுக்குப் பச்சை டேப் சுற்றிப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். விண்டோஸ் என்றால், போர்டில் இருக்கும் யூ.எஸ்.பி. சிப்பைப் பொறுத்து சிஎச்340 அல்லது சிபி2102 டிரைவர் வேண்டியிருக்கலாம். லினக்ஸில் டிரைவர் கர்னலிலேயே இருக்கும், ஆனால் உங்கள் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்க்க வேண்டும்.

கடற்கரையில் வைத்துச் சோதிக்க வைஃபைக்கு என்ன செய்வது?

போன் ஹாட்ஸ்பாட் போதும். வழக்கமான ஈஎஸ்பி32 போர்டுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பெயரே வராது. ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் பேண்டை 2.4-க்கு மாற்றுங்கள். ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் காம்பாட்டிபிலிட்டி’ என்பதை ஆன் செய்ய வேண்டும்.